வாசகர் கேள்வி – பதில்: எந்தக் கதவைத் தட்டுவது?

சட்டமன்றம், அரசு நிர்வாகம், நீதிமன்றம் மூன்றும் அதிகாரத்தை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று கொங்குப் பகுதி வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். அவற்றில் சில கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

சட்டம் போடறவங்களும் அதை நடத்தறவங்களும் ஒரே கட்சி ஆளுங்கதானுங்களே? அப்புறம் அதிகாரத்தைப் பிரிச்சு வெச்சிருக்குதுன்னு புத்தகத்துல போட்டிருக்கறது எப்படீங்க?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

உங்கள் சந்தேகம் நியாயமானது. புத்தகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவை மனத்தில் வைத்துக்கொண்டு இதை விளக்கிவிடுகின்றன. அங்கே அதிபரும் அவருடைய துறைச் செயலர்களும் காங்கிரஸ் அவைகளில் உறுப்பினராக இருக்கக் கூடாது. அதிபர் ஒரு மசோதாவை மறுத்துத் திருப்பினால், இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு அதை மீறிச் சட்டமாக்கலாம். அவை உறுப்பினர் விஷயத்தில் நம்மிடம் தலைகீழ். அமைச்சராக வேண்டுமென்றால் அவையில் உறுப்பினராக இருந்தாக வேண்டும். உறுப்பினரல்லாதவர் பதவியேற்றால் 6 மாதத்துக்குள் தேர்ந்தெடுக்கப்பட்டு வர வேண்டும், இல்லையேல் பதவி போய்விடும்.

அப்படியானால் இங்கே கோடு எங்கே இருக்கிறது? அமைச்சரவைக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் நடுவில் இருக்கிறது. 2003-ல் வந்த அரசியலமைப்பின் 91-வது திருத்தத்தின்படி முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் எண்ணிக்கை அவையின் மொத்த எண்ணிக்கையில் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 234 பேர் கொண்ட நம் சட்டமன்றத்துக்கு அது 35. ஆக, குறைந்தது 199 பேர் அரசாங்கத்தில் இல்லாதவர்கள். ஆளுங்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தொகுதி உறுப்பினர் அமைச்சராக இல்லையென்றால், அவரும் இந்த 199-ல் ஒருவர்தான். அமைச்சரிடம் கேள்வி கேட்பதும், மானியக் கோரிக்கையை அலசுவதும், தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழுவில் வரி வரியாகப் படித்து அதிகாரிகளை விசாரிப்பதும் அவருடைய வேலை.

இந்த வேலை தளர்ந்துபோனதற்கு முக்கியக் காரணம், 1985-ல் கட்சித்தாவலைத் தடுக்க அரசியலமைப்பில் சேர்த்த பத்தாவது அட்டவணை. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் உறுப்பினர் பதவியே பறிபோகும். விலை போவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, மசோதாவின் ஒரு பிரிவு தவறு என்று நினைப்பவரையும் வாய் மூட வைத்துவிட்டது. ஆட்சி நிற்குமா விழுமா என்று தீர்மானிக்கும் வாக்கெடுப்போடு கொறடாவின் கட்டாயம் நின்றுவிட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. 1990-ல் தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழு கிட்டத்தட்ட இதைத்தான் பரிந்துரைத்தது.

2011-ல சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஹைகோர்ட்டுங்க. நாங்க ஓட்டுப் போட்டு ஜட்ஜுங்களைத் தேர்ந்தெடுக்கலியே. ஓட்டு வாங்கினவங்க எடுக்க வேண்டிய முடிவை அவுங்க எடுக்கலாங்களா?
— ஒரு வாசகி, திருப்பூர்

வேலை இழந்து நின்ற குடும்பங்களின் வலி உங்கள் கடிதத்தில் தெரிகிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் முடிவை யார் எடுத்தார்கள் என்பதை மட்டும் வரிசையாகப் பார்ப்போம்.

கழிவுநீரை ஆற்றில் விடக் கூடாது என்ற முடிவை எடுத்தது நாடாளுமன்றம். அது 1974-ம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். அதை நடைமுறைப்படுத்த வேண்டியது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதாவது நிர்வாகம். அனுமதி தருவது, அளவுகோல் வைப்பது, மீறினால் மூடச் சொல்வது, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்வது எல்லாம் அதன் கையில். மூடுவதற்கும் மின்சாரத்தை நிறுத்துவதற்குமான 33ஏ பிரிவு 1988-லேயே சட்டத்தில் சேர்ந்துவிட்டது.

எங்கே தவறியது? துணியில் சாயம் ஏற உப்பைக் கொட்ட வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டுக் கலக்கித் தெளியவைத்தால் நிறம் இறங்கும், கரைந்த உப்பு இறங்காது. வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை, கலக்கித் தெளிய வைக்கும் முறையால் எட்டவே முடியாது. சவ்வு வழியாக வடிக்கும் ஆர்ஓ முறை வேண்டும். அதில் மிஞ்சும் கெட்டி உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பைத் தனியே எடுக்க வேண்டும். செலவு அதில்தான் ஏறுகிறது. அந்தச் செலவைத் தள்ளிப்போட்ட ஒவ்வோர் ஆண்டும் உப்பு நொய்யலில் இறங்கியது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர் தேங்கும் இடமாகிவிட்டது. கீழே இருந்த ஆயக்கட்டுக்காரர்களின் கிணறும் வயலும் கெட்டன. அவர்களும் ஓட்டுப் போட்டவர்கள்தான். அவர்கள் வழக்குக்குப் போனார்கள்.

நீதிமன்றம் எடுத்த எடுப்பில் மூடவில்லை. கெடு மேல் கெடு போனது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், கழிவு ஒரு சொட்டுகூட வெளியேறாத நிலையை எட்டியாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதன் பிறகும் உத்தரவு நிறைவேறாததால்தான் 2011 ஜனவரி 28 அன்று, அந்த நிலையை எட்டாத பட்டறைகளையெல்லாம் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகவே இது நீதிபதிகள் புதிதாக எடுத்த கொள்கை முடிவன்று. நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நிறைவேற்றச் சொன்ன உத்தரவு.

நீதிமன்றத்தின் கை எட்டாத இடமும் இதே வழக்கில் தெரிகிறது. மூடு என்று அதனால் சொல்ல முடிந்தது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் கொடுக்க முடியவில்லை. சட்டமன்றம் ஒப்புதல் தராமல் மாநிலத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போகக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 266-வது உறுப்பு. நிலையங்கள் திரும்ப ஓடியதற்கு மாநில அரசு கொடுத்த வட்டியில்லாக் கடன் பெரிய காரணம். வேலையிழந்த தொழிலாளிக்கு இடைக்கால நிவாரணம் தரும் கடமையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை நீதிமன்ற வாசலுக்குக் கொண்டுபோகாதீர்கள். விதியை அமல்படுத்த வேண்டிய ஆண்டுகளில் அமல்படுத்தாதவர்களிடம் கேளுங்கள்.

சுப்ரீம் கோர்ட்டு தடை போட்ட ஜல்லிக்கட்டைச் சட்டமன்றம் திருப்பிக் கொண்டுவந்துதே, அது தீர்ப்பை மீறினதாகாதுங்களா?
— காங்கேயம் மாடு வளர்ப்பவர்

ஆகாது. ஏன் ஆகாது என்பதுதான் இதில் நுணுக்கம். ஒரு தீர்ப்பு செல்லாது என்று சட்டமன்றம் அறிவிக்க முடியாது. அப்படி அறிவித்தால் அது தானே நீதிபதி ஆவதாகும். ஆனால் அந்தத் தீர்ப்பு எந்தச் சட்டத்தின் மேல் நின்றதோ அந்தச் சட்டத்தை மாற்றலாம். அடிக்கல் மாறினால், பழைய தீர்ப்பு புதிய நிலைமைக்குப் பொருந்தாமல் போகும்.

2014 மே 7 தீர்ப்பு, நம் மாநிலத்தின் 2009 சட்டத்தை அடித்தது. 1960-ம் ஆண்டின் மத்திய மிருகவதைத் தடுப்புச் சட்டத்தோடு அது மோதியது என்பது காரணம். மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ள விஷயத்தில் மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். 2016 ஜனவரி 7 அன்று மத்திய அரசு ஓர் அறிவிக்கை மூலம் விலக்குக் கொடுத்துப் பார்த்தது. ஐந்தே நாளில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. சட்டத்தைத் திருத்தாமல் நிர்வாகம் மட்டும் காகிதத்தில் செய்த ஏற்பாடு அது.

2017-ல் எடுத்த வழி வேறு. ஜனவரி 21-ல் அவசரச் சட்டம், 23-ல் சட்டமன்றத்தில் மசோதா, பிறகு குடியரசுத் தலைவரின் ஒப்புதல். மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டத்தை அந்த ஒப்புதல்தான் இந்த மாநில எல்லைக்குள் காப்பாற்றுகிறது. 254-வது உறுப்பின் இரண்டாம் கூறு அதைச் சொல்கிறது. மாட்டுக்கு வேதனை குறையும்படி விதிகளும் கூடவே வந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக இந்தத் திருத்தத்தை ஏற்றது. விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் அடக்கம். வாடிவாசல் வரை காளையை ஓட்டிப்போகிறவர்கள் இந்தப் பாதியை மறந்துவிடக் கூடாது. விதி மீறினால் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது.

கெயில் குழாயை ரோட்டோரமாத்தான் போடணும்னு முதலமைச்சரே சொன்னாங்களே. அப்படியும் எங்க காட்டுக்குள்ள வந்துட்டாங்க. முதலமைச்சர் பேச்சுக்கு மதிப்பில்லீங்களா?
— ஒரு விவசாயி, அவிநாசி

மதிப்பு உண்டு, சட்டம் விட்ட எல்லைக்குள். கெயில் நிறுவனத்தின் இந்த எரிவாயுக் குழாய்க்கு நிலத்தில் பயன்பாட்டு உரிமை எடுப்பது 1962-ம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின் கீழ். அதை மாநில அரசின் நிர்வாக உத்தரவால் மாற்ற முடியாது. கோவையிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் தடத்தை மாற்றச் சொன்ன மாநில உத்தரவை 2013 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2016 பிப்ரவரி 2-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்தச் சட்டத்தில் விவசாயிக்கு இருக்கும் கதவு ஒன்றுதான், அது சீக்கிரம் சாத்திக்கொள்ளும். அரசிதழில் அறிவிக்கை வந்த 21 நாளுக்குள், தகுதிபெற்ற அதிகாரி என்று அதில் குறிப்பிடப்பட்டவரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். வேறு அலுவலகத்தில் கொடுத்த மனு எத்தனை பக்கமானாலும் ஆட்சேபக் கணக்கில் சேராது. இழப்பீடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும், பயிர், மரம், கிணறு போன்றவற்றுக்கு ஏற்பட்ட நட்டமும். தொகை ஒத்துவரவில்லையென்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். கரும்பும் தென்னையும் நிற்கிற காட்டுக்குப் பத்து சதவீதம் போதுமா என்று கேட்டால், போதாது என்போம். அந்தத் தொகையை உயர்த்த நாடாளுமன்றம்தான் சட்டத்தைத் திருத்த வேண்டும். தட்ட வேண்டிய கதவு உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் வீடு.

பங்காளி பேருல கூட்டுப்பட்டா ஏறிப்போச்சுங்க. தாசில்தார், ஆர்டிஓ, டிஆர்ஓன்னு நாலு வருசம் அலைஞ்சேன். எல்லாரும் கோர்ட்டுக்குப் போங்கறாங்க. ஆர்டிஓவும் மாஜிஸ்திரேட்டுத்தானுங்களே?
— ஒரு வாசகர், தாராபுரம்

அதிகாரப் பிரிவு என்பது டெல்லியிலும் சென்னையிலும் மட்டும் நடக்கும் சங்கதி இல்லை. தாலுகா ஆபீஸ் படிக்கட்டிலேயே இருக்கிறது. உங்கள் நாலு வருசம் அதைத் தெரிந்துகொள்ளாமல் போனதில் எங்களுக்கும் வருத்தம்.

கம்பெனி காலத்துக் கலெக்டர் வரி வசூலித்தார், போலீசை நடத்தினார், குற்ற விசாரணையும் செய்தார். வரி கட்டாதவனைப் பிடிப்பவரே தண்டிப்பவராகவும் இருந்தார். இதை உடைக்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர் கொண்டுவந்த பிரிவே இன்றைய 50-வது உறுப்பு. நீதித் துறையை நிர்வாகத்திலிருந்து அரசு பிரிக்க வேண்டும் என்கிறது அது. (அந்தச் சபையில் கோவை டி.ஏ. இராமலிங்கம் செட்டியாரும், குமாரமங்கலம் பி. சுப்பராயனும், பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியமும் உறுப்பினர்கள்.) 1974 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாஜிஸ்திரேட்டுகளை இரண்டாகப் பிரித்தது. தண்டனை தரும் நீதித் துறை நடுவர்கள் உயர் நீதிமன்றத்தின் கீழ். அமைதி காக்கும் நிர்வாக நடுவர்கள் அரசின் கீழ். ஆர்டிஓ எனும் வருவாய்க் கோட்டாட்சியரும் தாசில்தாரும் இரண்டாம் வகை.

அதனால் ஆர்டிஓ என்ன செய்யலாம்? கலவரம் வரும் என்று அஞ்சினால் தடை உத்தரவு போடலாம். பழைய சட்டத்தில் அது 144-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 163. அது இரண்டு மாதம்தான் நிற்கும். மாநில அரசு நீட்டினால் மேலும் ஆறு மாதம் வரை. நிலத் தகராறில் அடிதடி வரும் நிலை என்றால் 164-ன்படி, அந்த நேரத்தில் அனுபவம் யார் கையில் என்று மட்டும் பார்ப்பார். அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் உங்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றியிருந்தால், அனுபவம் உங்களிடமே இருந்ததாகக் கொள்ளலாம். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை அவர் தொடவே கூடாது.

பட்டாவிலும் இதே கோடுதான். 1983-ம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி தாசில்தார் உத்தரவின் மேல் ஆர்டிஓவிடம் மேல்முறையீடு, அதன் மேல் டிஆர்ஓ எனும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. பெயர்ப் பிழை, வாரிசு சேர்ப்பு, விட்டுப்போன உட்பிரிவு போன்றவற்றுக்கு இந்த வழி சரி. பங்காளி வந்து "பூமி எனக்கும் பாத்தியம்" என்று மறுத்த நிமிடமே அது சொத்துரிமைத் தகராறு. உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வதே தாசில்தாரின் கடமை. பட்டா, வரி கட்டும் கணக்கு. அது மட்டுமே சொத்துரிமைக்கு ஆதாரமாகாது.

நீங்கள் போட வேண்டியது, நிலம் உங்களுடையது என்று அறிவிக்கக் கேட்கும் உரிமை விளம்புகை வழக்கு, கூடவே எதிராளியைத் தடுக்கும் உறுத்துக்கட்டளை. மூலப்பத்திரம், இடைப்பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, பழைய சிட்டா அடங்கல், புல வரைபடம் இவற்றின் சான்றிட்ட நகல்களை முதலில் எடுத்து வையுங்கள். உரிமை விளம்புகைக்குக் கெடு 3 ஆண்டு. உங்கள் உரிமை முதலில் மறுக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். நாலு வருசம் போய்விட்டது என்கிறீர்கள். பூமி உங்கள் அனுபவத்தில் இல்லையென்றால், உரிமையின் பேரில் சுவாதீனம் கேட்கும் வழக்குக்கு 12 ஆண்டு இருக்கிறது. அனுபவம் உங்களிடமே என்றால் கணக்கு வேறு. எது உங்களுக்குப் பொருந்தும் என்று இந்த வாரமே வழக்கறிஞரிடம் பத்திரங்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

நீதிபதி கொடுத்த தீர்ப்பைச் சட்டமன்றத்துல திட்டலாங்களா?
— கல்லூரி மாணவி, ஈரோடு

தீர்ப்பை ஆராயலாம். கடமையைச் செய்த நீதிபதியின் நடத்தையைப் பேசக் கூடாது என்று 211-வது உறுப்பு தடுக்கிறது. பதிலுக்கு, அவை நடவடிக்கை முறையில் பிசகு என்று காட்டி நீதிமன்றம் உள்ளே நுழைய முடியாதபடி 212 தடுக்கிறது.

சட்டமன்றம் அனுப்பற மசோதாவை கவர்னர் எத்தனை நாள் வெச்சிருக்கலாமுங்க? ஒரு தீர்ப்புல மூணு மாசங்கறாங்க, அப்புறம் இல்லீங்கறாங்க.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பொள்ளாச்சி

இரண்டையும் சொன்னது உச்ச நீதிமன்றம்தான். 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று அறிவித்து, காலக்கெடுவும் வகுத்தது. பிறகு குடியரசுத் தலைவர் 143-வது உறுப்பின்படி கருத்துக் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கொடுத்த கருத்தில், அரசியலமைப்பில் இல்லாத காலக்கெடுவை நீதிமன்றம் எழுதிச் சேர்க்க முடியாது, ஒப்புதல் தந்ததாக "கருதுவது" என்பதும் கிடையாது என்று வந்தது.

அதே கருத்தில் ஆளுநருக்கும் வேலி உண்டு. ஒப்புதல் தரலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம், தர மாட்டேன் என்றால் காரணத்தோடு அவைக்குத் திருப்பியாக வேண்டும். நிறுத்திவைத்துவிட்டுச் சும்மா இருப்பது நான்காவது வழியாகாது. பண மசோதாவைத் திருப்பவும் முடியாது. காரணம் சொல்லாமல் நெடுநாள் கிடப்பில் போட்டால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். எந்த முடிவு என்று சொல்லாது. "நியாயமான காலம்" எத்தனை நாள் என்பதை ஒவ்வொரு முறையும் வழக்குப் போட்டுத்தான் அறிய வேண்டியிருக்கும். மக்கள் தேர்ந்தெடுத்த அவையை அப்படி அலையவிடுவது சரியில்லை. 200-வது உறுப்பையே திருத்தி நாள் கணக்கை எழுதிவைப்பதுதான் நேர்வழி. அந்த அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது.

கலெக்டர் ஆபீசுல திங்கக்கிழமை திங்கக்கிழமை மனுக் கொடுத்தேன், பதிலே இல்லை. ரிட் போட்டா வேலை நடக்குமுங்களா?
— ஒரு வாசகர், கரூர்

நடக்கும், எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. சட்டம் ஓர் அதிகாரிக்குக் கட்டாயமாக்கிய கடமையை அவர் செய்யவில்லை என்றால், செய்யச் சொல்லும் பேராணையை, அதாவது ரிட்டை, உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 226-வது உறுப்பின்படி தரும். எங்கள் ஊருக்குப் பாலம் வேண்டும் என்று கேட்டால் தராது. எந்த ஊருக்கு எது முதலில் என்பது பட்ஜெட்டும் நிர்வாகமும் பார்க்க வேண்டியது.

குறைதீர் நாள் ரசீது மட்டும் போதாது. எந்தச் சட்டப் பிரிவு அல்லது அரசாணைப்படி கேட்கிறீர்கள் என்று குறிப்பிட்டு, அந்த வேலைக்குப் பொறுப்பான அதிகாரியின் பதவிப் பெயருக்கே விரைவுத் தபாலில் பதிவுசெய்து, ஒப்புகையோடு ஒரு மனு அனுப்புங்கள். அரசாணை கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்டால் 30 நாளில் தர வேண்டும். பெரும்பாலான மனுக்கள் தோற்பது இங்கேதான். "ஆவன செய்யவும்" என்று முடித்துவிட்டால் நீதிமன்றம் பிடித்துக்கொள்ள அதில் கடமை எதுவும் இருக்காது.

கரூர் மாவட்டத்து வழக்கு மதுரைக் கிளைக்குப் போகும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் சென்னைக்கு. வழக்கமாக வரும் உத்தரவு, மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் தகுதி அடிப்படையில் முடிவெடுக்க வேண்டும் என்பது. அது வெற்றி போலத் தெரிந்தாலும், பரிசீலித்து மறுக்கவும் அதிகாரிக்கு இடமுண்டு. மறுத்தால், அந்த மறுப்பு ஆணையின் காரணங்களை எதிர்த்துப் புதிய ரிட் போட வேண்டும். பதிலே தராமல் கெடு தாண்டினால் அவமதிப்பு மனு. தீர்ப்பு நகலை அதிகாரிக்கு அனுப்பிய தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், கெடு முடிந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாளிலிருந்து ஓராண்டு தாண்டினால் அவமதிப்பு மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.